மேலே யாரும் இல்லாத பட்டம்

1945 ஜூலை 17 அன்று, பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள போட்ஸ்டாம் நகரில், போரில் வென்ற மூன்று நாடுகளின் தலைவர்கள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த மாநாட்டின் அமெரிக்கக் குறிப்புகளை வாசிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ட்ரூமன் பேசும் இடத்தில் ஜனாதிபதி, சர்ச்சில் பேசும் இடத்தில் பிரதமர். மூன்றாமவர் பேசும் இடத்தில் ஜெனரலிசிமோ ஸ்டாலின்.

மாநாடு பாதியில் இருந்தபோதே பிரிட்டனில் தேர்தல் முடிவு வந்தது. ஐந்து வருடம் நாட்டைப் போருக்குள் நடத்திச் சென்ற சர்ச்சில் தோற்றுப்போனார். தொழிலாளர் கட்சியின் கிளமென்ட் அட்லி பிரதமராகி அதே மேசைக்கு வந்தார். ட்ரூமனும் பழைய ஆள் இல்லை. ரூஸ்வெல்ட் ஏப்ரலில் இறந்ததால் பதவிக்கு வந்தவர். பிப்ரவரியில் யால்டாவில் கூடிய மூன்று பெரிய தலைவர்களில், ஜூலை கடைசியில் அந்த மேசையில் மிஞ்சியது ஒருவர்தான். அவரைத் தேர்தலில் தோற்கடிக்க அவர் நாட்டில் வழியே கிடையாது.

ராணுவம் என்பதே, மேலே ஒருவர் இருக்கிறார் என்ற ஏற்பாட்டில் நடப்பது. கேப்டன் மேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும், மேஜர் கர்னலுக்கு, கர்னல் ஜெனரலுக்கு. ஜெனரல்களுக்கு மேலே மார்ஷல் உண்டு. அந்த மார்ஷலும் ஓர் அரசருக்கோ அமைச்சரவைக்கோ கட்டுப்பட்டவர்தான். எல்லா ஜெனரல்களுக்கும் மேலான ஜெனரல் என்று இத்தாலிய மொழியிலிருந்து வந்த ஜெனரலிசிமோ பட்டம் இந்த வரிசையின் உச்சியில் நிற்கிறது. இதை அணிந்தவர்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் இரண்டு கேள்விகளோடுதான் படிக்கிறேன். இதை இவருக்குக் கொடுத்தது யார்? இவரிடமிருந்து திரும்ப வாங்க யாரால் முடியும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதில்தான் நாடுகளின் தலையெழுத்து இருக்கிறது.

பழந்தமிழ் மன்னர்கள் சிறந்த படைத்தலைவருக்கு ஏனாதி என்று பட்டம் கொடுத்து மோதிரம் அணிவித்தார்கள். அந்த மோதிரத்தைப் போட்டுவிட்ட கை மன்னனுடையது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் ஜெனரலிசிமோ பட்டமும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அரசர் கொடுப்பார், அரசர் பறிப்பார். ஆனால் வாங்கியவர் அரசரை விடப் பெரியவராகத் தெரிய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கதை காட்டிவிட்டது.

அவர் ஆல்பிரெக்ட் வான் வாலன்ஸ்டைன். பொஹீமியாவின் சிறிய பிரபுக் குடும்பத்தில் 1583இல் பிறந்தவர். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1625இல், பணமில்லாமல் தவித்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டிடம் போய், படையை நானே திரட்டித் தருகிறேன் என்றார். சொன்னபடியே திரட்டினார். படை எந்த ஊரில் முகாம் போடுகிறதோ அந்த ஊரே அதற்குச் சோறும் கூலியும் கொடுக்க வேண்டும் என்ற முறையை ஒரு தொழில் போலவே நடத்தினார். பேரரசரின் கஜானாவை நம்பாத ஒரு படை, பேரரசருக்காகவே போரிட்டது. ஜெர்மன் இளவரசர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1630இல் ரேகன்ஸ்பூர்கில் கூடி, அவரை நீக்கியே ஆக வேண்டும் என்று பேரரசரை நெருக்கினார்கள். நீக்கப்பட்டார்.

அப்புறம் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் வடக்கிலிருந்து இறங்கி வந்தார். 1631இல் பிரைட்டன்ஃபெல்டில் பேரரசின் படை நொறுங்கியது. வாலன்ஸ்டைனைத் திரும்பக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1632இல் அவர் திரும்பி வந்தபோது கையில் இருந்த அதிகாரம், ஒரு தளபதிக்கு அதுவரை யாரும் கொடுக்காத அளவு பெரியது. அந்த நவம்பரில் லூட்சனில் நடந்த சண்டையில் குஸ்தாவ் அடால்ஃப் கொல்லப்பட்டார். எதிரி போன பிறகும் வாலன்ஸ்டைன் படையை வைத்துக்கொண்டு நகராமல் இருந்தார், எதிர்த்தரப்போடு தனியாகப் பேச்சு நடத்தினார். 1634 ஜனவரியில் பில்சனில் அவருடைய அதிகாரிகள் அவருக்கே விசுவாசமாக இருப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வியன்னாவில் இருந்த பேரரசர் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பிப்ரவரி 25 இரவு எகர் நகரில், அவருக்கு நெருக்கமானவர்களைக் கோட்டையில் விருந்துக்கு அழைத்துக் கொன்றார்கள். அதன் பிறகு அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய், நோயோடு இருந்தவரைப் படுக்கையறையிலேயே ஈட்டியால் குத்தினார்கள். கொன்றவர்கள் அவர் படையில் இருந்த அதிகாரிகளே.

இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு வாலன்ஸ்டைன் மேல் மட்டும் கோபம் வருவதில்லை. கொடுக்கும்போது அளவில்லாமல் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க ஒரு நேர்வழியை வைத்துக்கொள்ளாத அரசும் இதில் பங்காளி. நேர்வழி இல்லாத இடத்தில் ஈட்டிதான் வழியானது.

ரஷ்யாவில் இந்தப் பட்டம் ராசியே இல்லாத ஒன்றாக இருந்தது. பேரரசர் பீட்டரின் நண்பராக ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உயர்ந்த அலெக்சாண்டர் மென்ஷிகோவ் 1727 மே மாதம் ஜெனரலிசிமோ ஆனார். தன் மகளைப் புதிய பேரரசனான சிறுவன் இரண்டாம் பீட்டருக்கு நிச்சயமும் செய்தார். செப்டம்பரில் எல்லாம் பறிபோனது. சைபீரியாவின் பெரியோசோவுக்குக் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டு 1729இல் அங்கேயே இறந்தார். அடுத்து அன்டன் உல்ரிக், குழந்தைப் பேரரசன் ஆறாம் இவானின் அப்பா. 1740இல் பட்டம், 1741இல் எலிசபெத் நடத்திய அரண்மனைப் புரட்சி, அதற்குப் பிறகு 30 ஆண்டுக்கு மேல் காவலில் கழிந்த வாழ்க்கை. உண்மையான போர்வீரரான சுவோரோவுக்கு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த அந்தக் கடுமையான படையெடுப்புக்குப் பிறகு 1799இல் முதலாம் பால் இதைக் கொடுத்தார். சில மாதங்களிலேயே அதே பேரரசர் அவர் மேல் அதிருப்தி கொண்டு, தலைநகரில் ஏற்பாடாகியிருந்த வரவேற்பை ரத்து செய்தார். 1800 மே மாதம் சுவோரோவ் இறந்தார். பட்டத்தின் உயரம் அவரைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அங்கே மேலே இன்னும் ஒருவர் இருந்தார்.

இந்தப் பட்டத்தை அணிந்தவர்களில் நான் மனதார மதிக்கும் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹொசே மரியா மொரெலோஸ், மெக்சிகோவின் ஒரு கிராமத்துப் பாதிரியார். ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரை 1810இல் தொடங்கிய மிகேல் இதால்கோவும் பாதிரியார்தான். அவரையும் ஜெனரலிசிமோ என்றுதான் அழைத்தார்கள். 1811இல் இதால்கோ சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு போரைத் தூக்கிச் சுமந்தவர் மொரெலோஸ். 1813 செப்டம்பரில் சில்பன்சிங்கோ என்ற ஊரில் அவரே ஒரு காங்கிரஸைக் கூட்டினார். கவனியுங்கள், படை கையில் இருப்பவர், தனக்கு மேலே ஒரு சபையைத் தானே உண்டாக்குகிறார். அந்தச் சபை அவரை ஜெனரலிசிமோவாகத் தேர்ந்தெடுத்தது. அதோடு மேதகு இளவரசர் போல ஒரு மரியாதைப் பெயரையும் சூட்ட வந்தது. அதை அவர் ஏற்கவில்லை. தேசத்தின் ஊழியன் என்று அழைத்தால் போதும் என்றார்.

இப்படிச் சொல்வது சுலபம். எத்தனையோ சர்வாதிகாரிகள் தங்களை மக்கள் சேவகன் என்று சொல்லியிருக்கிறார்கள். மொரெலோஸ் விஷயத்தில் சோதனை சீக்கிரமே வந்தது. அடுத்தடுத்துத் தோல்விகள் வந்ததும், அவர் கூட்டிய அதே காங்கிரஸ் 1814இல் அவரிடமிருந்து நிர்வாக அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அவர் துப்பாக்கியைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. 1815 நவம்பரில் அந்தக் காங்கிரஸ் பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்தபோது அதற்குக் காவலாகப் போனார். வழியில் எதிரிப் படை மறித்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தப்பிக்க வேண்டும் என்று பின்னால் நின்று சண்டையிட்டுப் பிடிபட்டார். டிசம்பர் 22 அன்று அவரைச் சுட்டார்கள். தன்னைப் பதவியிறக்கிய சபையைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஜெனரலிசிமோ, எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

தெற்கே ஹொசே தே சான் மார்ட்டினும் இதே வரிசையில் வருகிறவர். அர்ஜென்டினா, சிலே, பெரு என மூன்று நாடுகளின் விடுதலையில் அவர் பங்கு பெரியது. 1822 செப்டம்பரில் லிமாவில் பெருவின் முதல் காங்கிரஸ் கூடிய அன்றே தன் அதிகாரத்தை அதன் முன் வைத்துவிட்டார். காங்கிரஸ் அவரைப் பெருவின் படைகளுக்கு ஜெனரலிசிமோ என்று அறிவித்தது. பட்டத்தை மரியாதையாக ஏற்றுக்கொண்டு, படைத் தலைமையை மறுத்துவிட்டு, கப்பலேறினார். புறப்படும் முன் மக்களுக்கு விடுத்த அறிக்கையில் அவர் சொன்ன ஒரு கருத்து இன்றைக்கும் பொருந்தும்: வெற்றி பெற்ற ஒரு போர்வீரன் எவ்வளவு பற்றற்றவனாக இருந்தாலும், புதிதாக உருவாகும் ஒரு நாட்டில் அவன் இருப்பதே அச்சத்துக்குரியது. தன்னைப் பற்றி ஒரு தளபதியே இப்படி எழுதியது அபூர்வம்.

முதல் உலகப் போரில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷையும் செய்தித்தாள்கள் ஜெனரலிசிமோ என்றன. 1918 மார்ச்சில் ஜெர்மன் தாக்குதல் பிரிட்டிஷ் படையையும் பிரெஞ்சுப் படையையும் பிரித்துவிடும் போல இருந்தபோது, தூலானில் கூடிய அரசுகள் இரண்டையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தன. அரசுகள் கொடுத்த வேலை, போர் முடிந்ததும் முடிந்தது. சரி, அவ்வளவுதான் அங்கே.

இனி ஸ்பெயினுக்கு வருவோம். இந்தப் பட்டத்தின் பெயரைக் கேட்டதும் உலகில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஃபிராங்கோதான்.

1936 ஜூலையில் ஸ்பெயினின் குடியரசு அரசுக்கு எதிராகக் கலகம் செய்த தளபதிகளுக்கு ஃபிராங்கோ தலைவர் இல்லை. தலைவராக வர வேண்டிய சான்ஹுர்ஹோ, கலகம் தொடங்கிய சில நாட்களில் போர்ச்சுகலில் விமான விபத்தில் இறந்தார். செப்டம்பரில் சலமன்கா அருகே ஒரு விமானத் தளத்தில் தளபதிகள் கூடி, படைகளுக்கு ஒரே தலைவர் வேண்டும் என்று முடிவெடுத்து, ஃபிராங்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். மூத்தவரான கபனெயாஸ் மட்டும் ஆதரிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் ஃபிராங்கோ தனக்குக் கீழே வேலை பார்த்தவன், அவனை எனக்குத் தெரியும், ஸ்பெயினை அவன் கையில் கொடுத்தால் அது தனதென்று நினைத்துவிடுவான், சாகும்வரை யாருக்கும் விட்டுத்தர மாட்டான் என்ற பொருளில் அவர் எச்சரித்ததாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் பாதித்தது ஒரு சிறு வாசகத்தின் கதை. ஜெனரலிசிமோவே நாட்டின் தலைவராகவும் இருப்பார் என்று விமானப்படைத் தளபதி கிண்டெலான் எழுதிய வரைவில், போர் நீடிக்கும் வரை என்ற வரம்பு இருந்தது. வெளியான ஆணையில் அந்தச் சொற்கள் இல்லை. அக்டோபர் 1 அன்று புர்கோஸ் நகரில் பதவியேற்பு நடந்தது. போர் 1939 ஏப்ரல் 1 அன்று முடிந்தது. ஃபிராங்கோ அதற்குப் பிறகும் 36 ஆண்டுகள் ஆண்டார். போர் முடிந்த பின்னும் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானோர் சிறையிலும் முகாம்களிலும் நாட்டுக்கு வெளியிலும் வாடினார்கள். அந்த மூன்று நான்கு சொற்கள் ஆணையில் இருந்திருந்தால் மட்டும் அவர் இறங்கியிருப்பாரா என்றால், ஒருவேளை மாட்டார். ஆனால் இறங்கு என்று சொல்ல மற்றவர்களுக்குக் காகிதத்தில் ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

பட்டம் நாடு முழுக்கப் படர்ந்தது. மாட்ரிட்டின் பெரிய சாலை ஒன்றுக்கு ஜெனரலிசிமோ அவென்யூ என்று பெயர். நாட்டின் கால்பந்துக் கோப்பைக்கு 1939 முதல் ஜெனரலிசிமோ கோப்பை என்று பெயர். நாணயத்தில் அவர் முகத்தைச் சுற்றி, கடவுளின் அருளால் ஸ்பெயினின் தலைவர் என்று பொறித்திருந்தது. தனக்கு மேலே கடவுளைத் தவிர யாரும் இல்லை என்று சில்லறைக் காசில்கூட எழுதி மக்கள் பைக்குள் போட்ட ஆட்சி அது.

அந்த ஆட்சியில் மக்களிடம் மிஞ்சியது அடங்கிய குரலில் சொன்ன நகைச்சுவை. எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: ஃபிராங்கோவுக்கு யாரோ ஓர் ஆமையைப் பரிசாகக் கொண்டுவருகிறார்கள். இது எத்தனை வருடம் வாழும் என்று கேட்கிறார். இருநூறு வருடத்துக்கு மேலேயே வாழும் என்கிறார்கள். வேண்டாம், செல்லப்பிராணிகளோடு இதுதான் பிரச்சினை, பாசம் வைத்துவிடுவோம், அதற்குள் செத்துப்போய்விடும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். இன்னொன்று மரணப்படுக்கையில் நடப்பது. வெளியே கூட்டத்தின் சத்தம். என்ன அது என்று கேட்கிறார். மக்கள் உங்களிடம் விடைபெற வந்திருக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியா, எங்கே போகிறார்களாம் என்கிறார்.

இரண்டுமே சாவைப் பற்றியவை என்பதைப் பாருங்கள். அவரிடமிருந்து பதவியை வாங்கக்கூடிய ஒரே சக்தியாக மக்கள் எதை நினைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது. 1975 அக்டோபரில் ஃபிராங்கோ நோயில் விழுந்தார். அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை, கருவிகள், மருத்துவ அறிக்கைகள் என்று வாரக்கணக்கில் இழுத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தன. நவம்பர் 20 அன்று இறந்தார். அந்த இலையுதிர்காலத்தில்தான் தொடங்கியிருந்த சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் செவி சேஸ் போலிச் செய்தி வாசிப்பவராக வருவார். ஃபிராங்கோ இறந்த பிறகு வாரா வாரம், ஜெனரலிசிமோ ஃபிரான்சிஸ்கோ ஃபிராங்கோ இன்னும் இறந்தே இருக்கிறார் என்று தலைப்புச் செய்தியாக வாசித்தார். காது கேளாதோருக்காக என்று சொல்லி காரெட் மாரிஸ் அதையே பக்கத்தில் கத்திச் சொல்வார். பலர் இதை வெறும் அபத்தமான வேடிக்கையாக ரசித்தார்கள். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. 39 ஆண்டு முழு மரியாதையோடு உச்சரிக்க வேண்டியிருந்த ஒரு பட்டம், முதல் தடவையாக உலகத்துக்குச் சிரிப்பு வரவழைக்கும் சொல்லானது. அதை முதலில் சிரித்தவர்கள் ஸ்பெயினுக்கு வெளியே, பயப்படத் தேவையில்லாத இடத்தில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கால்பந்துக் கோப்பை அதே பெயரில் 1976 வரை ஓடி, அதற்கு அடுத்த பருவத்திலிருந்து மன்னர் கோப்பை ஆனது. ஃபிராங்கோவின் உடலை 2019 அக்டோபர் 24 அன்று, போர்க் கைதிகளின் உழைப்பையும் வாங்கிக் கட்டிய, வீழ்ந்தோரின் பள்ளத்தாக்கு என்ற பிரம்மாண்டமான நினைவிடத்திலிருந்து எடுத்து, மாட்ரிட் அருகே ஒரு சாதாரணக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள்.

அதே 1975இல், ஏப்ரல் 5 அன்று, தைபேயில் இன்னொரு ஜெனரலிசிமோ இறந்திருந்தார். சீனத் தலைவராக இருந்த சியாங் காய்-ஷேக். இரண்டாம் உலகப் போர்க்கால ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தப் பட்டம் என்றாலே அவர்தான். அவரைச் சுருக்கி ஜிசிமோ என்றும் அவர் மனைவியை மிசிமோ என்றும் அமெரிக்கர்கள் அழைத்தார்கள். அவரோடு பணிபுரிந்த அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் தனக்குள் வைத்திருந்த பெயர் வேர்க்கடலை. இருவருக்கும் நடந்த மோதலில் 1944இல் ஸ்டில்வெல்தான் திரும்ப அழைக்கப்பட்டார். 1942 பிப்ரவரியில் சியாங் இந்தியா வந்து, கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்தார். புறப்படும்போது, இந்தியர்களுக்கு உண்மையான அரசியல் அதிகாரத்தை பிரிட்டன் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதற்காக அவரை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அதே மனிதர் சீனாவைக் கம்யூனிஸ்டுகளிடம் இழந்த பிறகு தைவானில் கால் நூற்றாண்டு ராணுவச் சட்டத்தின் கீழ் ஆண்டார் என்பதை மறக்க முடியவில்லை.

அவர் வாழ்க்கையில் 1936 டிசம்பர் 12 விசித்திரமான நாள். ஜப்பானை எதிர்க்காமல் கம்யூனிஸ்டுகளையே துரத்திக்கொண்டிருக்கிறார் என்று கொதித்த அவருடைய தளபதிகள் ஜாங் சுவேலியாங்கும் யாங் ஹுசெங்கும் சியானில் அவரையே கைது செய்தார்கள். விடியற்காலையில் இரவு உடையோடு சுவரேறிக் குதித்து மலைப்பக்கம் ஓடி, முதுகில் அடிபட்டு ஒளிந்திருந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஜப்பானை எதிர்க்க இணங்கிய பிறகு டிசம்பர் 25 அன்று விட்டார்கள். கூடவே வந்து சரணடைந்த ஜாங் சுவேலியாங் அரை நூற்றாண்டுக்கு மேல் வீட்டுக்காவலில் கிடந்தார். தலைவரின் கொள்கை தவறு என்று சொல்ல முறையான கதவு இல்லாத ஏற்பாட்டில், நாட்டைக் காப்பாற்ற நினைத்த தளபதிகூடக் கடத்தல்காரனாக வேண்டியிருந்தது. தைவான் ஜனநாயகமான பிறகு, ஊர் ஊராக நின்ற சியாங்கின் சிலைகள் பல அகற்றப்பட்டு, அவர் உடல் வைக்கப்பட்டுள்ள சிஹூ அருகே ஒரு பூங்காவில் கூட்டமாக வைக்கப்பட்டிருக்கின்றன.

ஸ்டாலினுக்கு வருகிறேன். 1945 ஜூன் 24 அன்று செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்பு. வெள்ளைக் குதிரையில் வந்து மரியாதையை ஏற்றவர் மார்ஷல் ஜுகோவ். இரண்டு நாள் கழித்து சோவியத் ஒன்றியத்தின் ஜெனரலிசிமஸ் என்ற பட்டம் சட்டத்தில் உருவானது. அதற்கும் மறுநாள் ஸ்டாலினுக்கு வழங்கப்பட்டது. அவருக்கு முன்னும் பின்னும் சோவியத் நாட்டில் வேறு யாரும் அதை அணியவில்லை. அந்தப் பட்டத்துக்கென்று தைத்துக் காட்டிய பகட்டான சீருடை அவருக்குப் பிடிக்கவில்லை, கடைசிவரை மார்ஷல் சீருடையிலேயே இருந்தார். சிலர் இதை எளிமை என்று பாராட்டுகிறார்கள். என்னால் முடியவில்லை. 1935இல் சோவியத் ஒன்றியத்தில் ஐந்து மார்ஷல்கள் இருந்தார்கள். துகச்செவ்ஸ்கியும் யெகோரோவும் சுடப்பட்டார்கள், புளூஹர் சித்திரவதையில் சிறையில் இறந்தார். ஐந்து மார்ஷல்களில் மூவரை அழித்தவர், அதன் விளைவாகப் பலவீனப்பட்ட படையோடு 1941இல் ஹிட்லரின் தாக்குதலைச் சந்தித்தவர், அந்த வெற்றிக்காக எல்லா மார்ஷல்களுக்கும் மேலே ஏறினார். வெற்றியின் முகமாக இருந்த ஜுகோவ் அடுத்த ஆண்டே ஒடெஸா ராணுவ மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார்.

அங்கே சிரிப்புக்கு விலை அதிகம். ஸ்டாலினைப் பற்றி ஒரு கவிதையை 1933இல் சில நண்பர்களிடம் மட்டும் சொன்ன ஒசிப் மண்டெல்ஷ்டாம் கைதானார், நாடு கடத்தப்பட்டார், மறுபடி கைதாகி 1938இல் தூரக்கிழக்கின் ஒரு முகாமில் இறந்தார். போர்முனையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த சோல்செனிட்சின் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினை மரியாதையில்லாமல் குறிப்பிட்டதற்காக 1945 பிப்ரவரியில் கைதாகி எட்டாண்டு தண்டனை பெற்றார். கைதிகளை வைத்து வெட்டிய வெண்கடல் கால்வாயைப் பற்றி ஒரு பழைய சோவியத் ஜோக் உண்டு. வலது கரையை வெட்டியது யார்? ஜோக் சொன்னவர்கள். இடது கரையை? கேட்டவர்கள். சர்வாதிகாரத்தில் நகைச்சுவை தானாகவே வளரும், அது மக்களின் பொழுதுபோக்கு என்று லேசாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கால்வாய்தான் ஞாபகம் வருகிறது. ஒரு வரிக்காக ஆட்கள் உயிர்விட்டிருக்கிறார்கள்.

பின்னாளில் சோவியத் தலைவரான பிரெஷ்னெவ் காலத்தில் விலை குறைந்திருந்தது, அதனால் ஜோக்கும் பெருகியது. 1976இல் மார்ஷல் பட்டம், 1978இல் போர்க்காலத் தளபதிகளுக்கே உரிய வெற்றி ஆணை விருது. பிரெஷ்னெவுக்கு மார்பை அகலப்படுத்த அறுவை சிகிச்சையாம், அடுத்த பதக்கத்துக்கு இடமில்லையாம் என்று ஊரே பேசியது. அவருக்குக் கொடுத்த அந்த விருதை 1989இல், அவர் இறந்த பிறகு, ரத்து செய்தார்கள்.

டொமினிக்கன் குடியரசில் ரஃபேல் ட்ருஹியோ 1930இல் ஆட்சிக்கு வந்து, 1933இல் ஜெனரலிசிமோ ஆனார். 1936இல் தலைநகர் சாண்டோ டொமிங்கோவின் பெயரே ட்ருஹியோ நகரம் என்று மாறியது. கரீபியனின் மிக உயர்ந்த மலைச்சிகரத்துக்கும் அவர் பெயர். மகன் ரம்ஃபிஸ் குழந்தையாக இருக்கும்போதே கர்னல். கடவுளும் ட்ருஹியோவும் என்று விளக்குப் பலகை. மக்கள் அவரை ரகசியமாக அழைத்த பெயர் சபிட்டா, சோடா மூடி. நெஞ்சு நிறையக் குத்தியிருந்த பதக்கங்களைப் பார்த்து அந்தப் பெயர் நிலைத்தது. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாது. 1937இல் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியர்களை வெட்டிக் கொல்லச் செய்தவர் அவர். அவரை எதிர்த்த மிரபால் சகோதரிகள் மூவரை 1960 நவம்பர் 25 அன்று கொன்றார்கள். அந்த நாளைத்தான் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாக ஐ.நா. அறிவித்தது. 1961 மே 30 இரவு அவரைக் காரில் மறித்துச் சுட்டார்கள். வாலன்ஸ்டைனுக்கு நடந்ததுதான் மறுபடியும், வேறு நூற்றாண்டில்.

இன்று இந்தப் பட்டத்தை ஒரு கட்சித் தலைவர் மேலோ அலுவலக மேலாளர் மேலோ கேலியாக வீசுவது சாதாரணம். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தம் எங்கே என்றால், ஓட்டு வாங்கி வந்த ஒருவரை அவர் ஆதரவாளர்களே கேலி இல்லாமல், நெஞ்சார, எங்கள் படைத்தலைவர் என்று அழைக்கும்போது. படைத்தலைவரிடம் போர்முனையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஓட்டு வாங்கியவரிடம் கேட்டே ஆக வேண்டும். சாலை ஏன் போடவில்லை, பணம் எங்கே போனது என்று கேட்கிறவன் அந்த நிமிடமே துரோகியாகத் தெரிய ஆரம்பிப்பது இந்தப் பெயர் மாற்றத்தில்தான்.

வட கொரியாவில் இந்தப் பட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது, வைத்திருப்பவர்கள்தான் இல்லை. கிம் இல்-சுங்கின் 80ஆவது பிறந்தநாளை ஒட்டி 1992 ஏப்ரலில் அவருக்கு ஜெனரலிசிமோவுக்கு இணையான பெரும் மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள். மகன் கிம் ஜொங்-இல் 2011 டிசம்பரில் இறந்தார், அவருக்கு அதே பட்டம் 2012 பிப்ரவரி 14 அன்று கொடுக்கப்பட்டது. பேரன் கிம் ஜொங்-உன் அந்த ஜூலையில் மார்ஷல் ஆனார்.

இறந்தவருக்குப் பட்டம் கொடுப்பதை அமெரிக்காவும் செய்திருக்கிறது. தன் நாட்டின் ராணுவத்தில் வாஷிங்டனை விட உயர்ந்த பதவியில் எவரும் இருக்கக் கூடாது என்று, நாடு பிறந்த 200ஆவது ஆண்டான 1976இல் காங்கிரஸ் சட்டமே இயற்றி, எல்லாப் படைகளின் ஜெனரல் என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது. அவர் இறந்தது 1799இல். உயிரோடு இருந்தபோது, போர் முடிந்து 1783 டிசம்பர் 23 அன்று, அனாபொலிஸில் கூடியிருந்த காங்கிரஸின் முன் வந்து நின்று, தலைமைத் தளபதியாகத் தன்னை நியமித்த பத்திரத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு ஊருக்குப் போனவர் அவர்.